மாதச் சம்பளத்தில் ஓவியம் சேகரிக்கத் தொடங்குவோருக்கு: பார்ப்பது முதல் பதிவேடு வரை

சென்னையிலோ தமிழ்நாட்டின் வேறு ஊரிலோ இருந்துகொண்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அசல் ஓவியங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தொடங்கிய காலத்தில் ஓவியங்களின் அழகைப் பற்றிப் பேசப் பலர் கிடைத்தார்கள். பில்லில் என்ன எழுதியிருக்க வேண்டும், அச்சோவியத்தின் (ஓவியரே உருவாக்கிய தகட்டிலிருந்தோ பலகையிலிருந்தோ அச்செடுக்கும் படத்தின்) அடியில் பென்சிலால் எழுதியிருக்கும் எண்ணுக்கு என்ன பொருள், ஐப்பசி கார்த்திகை மழையில் காகிதத்தை எப்படிக் காப்பது என்பவற்றைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஓவியர்களிடமும் ஃபிரேம் கடைக்காரர்களிடமும் கணக்காளரிடமும் தனித்தனியே கேட்டு, சட்டப் பிரிவுகளைத் தேடிப் படித்து, மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டவற்றை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

எந்த ஓவியம் நல்லது என்பதில் நான் தலையிடவில்லை. அதை உங்கள் கண்தான் தீர்மானிக்க வேண்டும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஓவியத்தோடு அதற்குரிய ஆவணங்களும் சேர்ந்து வந்தால்தான் அது சேகரிப்பில் சேரும். பிற்காலத்தில் விற்கவோ, காப்பீடு செய்யவோ, பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ, கண்காட்சிக்கு இரவல் தரவோ முற்படும்போது, ஆவணமில்லாத ஓவியத்தை யார் வரைந்தது என்று நிறுவுவது மிகவும் கடினம்.

உயிரோடிருக்கும் ஓவியர்களின் படைப்புகளை, சில ஆயிரம் ரூபாய் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான விலையில் வாங்குகிறவர்களே என் மனதில் இருக்கிறார்கள். முதலீடாக நினைத்து வருகிறவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. ஏல நிறுவனங்கள் பெரும்பாலும் பெயர் நிலைபெற்ற ஓவியர்களின் படைப்புகளையே ஏற்கின்றன. இளம் ஓவியரின் படைப்பைத் திரும்ப விற்கச் சந்தை ஏறக்குறைய இல்லை. “இரண்டு ஆண்டுகளில் விலை இரட்டிப்பாகும்” என்று சொல்லி யாராவது ஓவியம் விற்க வந்தால், அவரிடம் வாங்காதீர்கள்.

1. முதல் ஆறு மாதம் பார்ப்பதற்கு மட்டுமே

இந்த ஆறு மாதத்தில் எதையும் வாங்க வேண்டாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கலாம், வெள்ளிக்கிழமை விடுமுறை. அடுத்து, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குச் செல்லுங்கள். சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளுக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அருகிலேயே விற்பனைக்கான காட்சிக்கூடங்களும் இருப்பதால், முன்னோடிகளின் படைப்புகளையும் இன்று விற்பனைக்கு இருப்பவற்றையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அதே சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்திலும் ஓவியக் காட்சிக்கூடம் உண்டு. அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை.

நான் அதிகம் பரிந்துரைப்பது கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தை. அங்கே ஓவியர்கள் தாங்களே கூடத்தை வாடகைக்கு எடுத்துக் காட்சி வைப்பது வழக்கம் என்பதால், பெரும்பாலான நாட்களில் ஓவியரே அங்கு அமர்ந்திருப்பார். எந்தக் காகிதம், எந்த மை, எத்தனை நாள் பிடித்தது என்று கேட்டால் மனமுவந்து சொல்வார். பெரியார் நெடுஞ்சாலையில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியிலும் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியிலும் மாணவர் கண்காட்சிகள் நடக்கும்போது தவறாமல் போய்வாருங்கள். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் கூடத்திலும் காட்சிகள் நடக்கின்றன. கொச்சி வரை போக முடிந்தவர்கள், பியனாலே (ஈராண்டுக் கலைக் கண்காட்சி) நடக்கும் ஆண்டில் அதன் மாணவர் பிரிவைப் பார்த்தால் இந்தியா முழுவதிலுமுள்ள கலைக் கல்லூரிகளின் இன்றைய போக்கு புரியும்.

போகும் இடத்துக்கெல்லாம் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுபோங்கள். பிடித்த ஒவ்வொரு படைப்புக்கும் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எந்த வண்ணம் அல்லது மை, எதன்மீது), அளவு, விலை ஆகிய ஆறையும் எழுதுங்கள். விலை சுவரில் ஒட்டப்பட்டிருக்காது. மேசையில் விலைப்பட்டியல் இருக்கும். அதைக் கேட்க எந்தக் கூச்சமும் வேண்டாம், கேட்பதால் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெயர்ப்பலகையில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அந்தப் படைப்பு விற்றுவிட்டது என்று பொருள். சில மாதங்கள் இப்படி எழுதிவந்தால் இரண்டு செய்திகள் தானாகத் தெரியவரும். ஒன்று, ஒரே ஓவியரின் பெயரை நீங்கள் திரும்பத் திரும்ப எழுதியிருப்பீர்கள். உங்கள் ரசனை அந்தப் பக்கம் இருக்கிறது. மற்றொன்று, இளம் ஓவியர்களின் விலை பெரும்பாலும் அளவை ஒட்டியே ஏறுகிறது என்பது. அது தெரிந்த பிறகு, ஒரே அளவில் ஒரே ஓவியரின் படைப்பு இரண்டு இடங்களில் இரண்டு விலையில் இருந்தால் காரணம் கேட்க உங்களால் முடியும்.

2. பணத்தைப் பிரித்து வையுங்கள்

ஓவியத்தின் விலை மட்டுமே செலவு என்று நினைத்துத் தொடங்குகிறவர்களுக்கு முதல் ஃபிரேம் பில் வரும்போது அதிர்ச்சி ஏற்படும். மாதம் 5,000 ரூபாய் ஒதுக்க முடிகிறவருக்கு ஆண்டில் 60,000 ரூபாய் சேரும். அதில் 40,000 ரூபாயை ஓவியங்களுக்கும், 12,000 ரூபாயை ஃபிரேமுக்கும், எஞ்சிய 8,000 ரூபாயைப் பயணம், பேக்கிங், அமிலமில்லாத காகித உறைகள் போன்றவற்றுக்கும் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும் பிரிவினை. சிறிய காகித ஓவியங்களில் ஃபிரேம் செலவு ஓவிய விலையின் பாதியைத் தொடுவதும் உண்டு.

வரியையும் கணக்கில் சேருங்கள். கையால் வரைந்த ஓவியங்களுக்கும் அசல் அச்சோவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. காட்சிக்கூடம் சொல்லும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா, தனியா என்பதை முதலிலேயே கேளுங்கள். தமிழ்நாட்டில் பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர்கள் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால், ஓவியரிடம் நேரடியாக வாங்கும்போது பெரும்பாலும் வரி இருக்காது. பதிவு எண் இல்லாத ஒருவர் ஜிஎஸ்டி என்று தனியே தொகை கேட்டால் கொடுக்காதீர்கள்.

காட்சிக்கூடங்கள் விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தங்கள் கமிஷனாக எடுத்துக்கொள்வது வழக்கம். அதைத் தவிர்க்கலாமே என்று, காட்சிக்கூடத்தில் பார்த்த ஓவியத்தைப் பின்வாசல் வழியாக ஓவியரிடமே பாதி விலைக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காட்சிக்கு இடம் கொடுத்தவரோடு ஓவியருக்கு இருக்கும் ஒப்பந்தத்தை அது முறிக்கிறது. அடுத்த காட்சி கிடைக்காமல் போகும் இழப்பு ஓவியருக்குத்தான். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் தவணை கேளுங்கள். இரண்டு மூன்று தவணைகளுக்குப் பல கூடங்கள் சம்மதிக்கின்றன. தவணைத் தேதிகள், கடைசித் தவணை முடிந்ததும் ஓவியம் கைக்கு வரும் நாள், இடையில் சேதமானால் யார் பொறுப்பு ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

3. காகிதத்தில் தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரிய கித்தான் ஓவியத்தையே முதலில் தேடுகிறார்கள். குறைந்த பணத்தில் ஓர் ஓவியரின் கை எப்படி ஓடுகிறது என்பதை மிக அருகில் காட்டுவது காகிதப் படைப்புதான். மைக் கோட்டோவியம், கரித்துண்டு ஓவியம், நீர்வண்ணம் ஆகியவற்றில் மறைக்கவோ திருத்தவோ இடம் குறைவு. கே.எம். ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களைப் பார்த்தவர்களுக்கு, கறுப்பு மையும் வெள்ளைக் காகிதமும் மட்டுமே எவ்வளவு தூரம் போக முடியும் என்பது தெரியும்.

காகிதப் படைப்பு வாங்கும்போது இரண்டு கேள்விகள் போதும். காகிதம் பருத்தியால் ஆனதா, அமிலமற்றதா? மை வெளிச்சத்தில் மங்காத வகையா? சாதாரண வரைபடத் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் பால்பாயின்ட் மையும் சில ஆண்டுகளில் மஞ்சளாகியும் மங்கியும் போகும். மாணவர்களின் படைப்புகளில் இது அடிக்கடி நேர்வது. படைப்பு மிகவும் பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் அதை வெளிச்சம் படும் சுவரில் மாட்டாமல் உறையில் வைத்துக் காப்பாற்றத் தயாராக இருங்கள்.

அச்சோவியம் இன்னொரு நல்ல நுழைவாயில். எட்சிங் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டிலிருந்து எடுப்பது), லினோகட் (லினோலியத்தில் செதுக்கி எடுப்பது), மரச்செதுக்கு, லித்தோகிராஃப் (கல்லச்சு), செரிகிராஃப் (திரை அச்சு) எல்லாம் இந்த வகையில் அடங்கும். ஓவியர் தாமே தகட்டையோ பலகையையோ உருவாக்கி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்செடுக்கிறார். படத்தின் அடியில் பென்சிலால் 5/25 என்று எழுதியிருந்தால், மொத்தம் 25 படிகளில் இது ஐந்தாவது என்று பொருள். நடுவில் தலைப்பும் வலப்பக்கம் கையெழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ/பி என்று எழுதியிருந்தால் அது ஓவியர் தமக்கென வைத்துக்கொள்ளும் படி. அத்தகைய படிகள் வழக்கமாக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். ஐந்தாவது படிக்கும் இருபதாவது படிக்கும் விலை வேறுபாடு கேட்டால், அதற்கு அச்சின் தரத்தில் காரணம் இருக்கிறதா என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

அதிகம் பேர் ஏமாறுவதும் இந்த வகையில்தான். ஓர் ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து, இன்க்ஜெட் எந்திரத்தில் கித்தான்மீது அச்சிட்டு, மேலே இரண்டு தூரிகை வீச்சுப் போட்டு, அசல் என்றோ “வரையறுக்கப்பட்ட பதிப்பு” என்றோ விற்கிறார்கள். நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் பத்து மடங்கு உருப்பெருக்கி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை எப்போதும் பையில் வைத்திருங்கள். ஆஃப்செட் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறப் புள்ளிகள் பூப்போல் வட்டமாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். இன்க்ஜெட்டில் மிக நுண்ணிய துளிகள் தெளித்ததுபோல் பரவியிருக்கும். அசல் எட்சிங்கில் தகடு அழுத்திய பள்ளம் படத்தைச் சுற்றிக் காகிதத்தில் பதிந்திருக்கும், விரலால் தொடாமலே பக்கவாட்டு வெளிச்சத்தில் அதைப் பார்க்கலாம். எண்ணும் கையெழுத்தும் பென்சிலில் இல்லாமல் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருந்தால் அது பிரதி. பிரதியைப் பிரதிக்குரிய விலைக்கு வாங்குவதில் தவறில்லை, அசலுக்குரிய விலைக்கு வாங்கிவிடக் கூடாது.

4. கேட்டுப் பெற வேண்டிய ஆவணங்கள்

பணம் கொடுப்பதற்கு முன்பே இவற்றைக் கேளுங்கள். பணம் கைமாறிய பிறகு கேட்கும்போது கிடைக்கும் பதில் வேறு. நானும் ஒரு காட்சிக்கூடத்தில் “சான்றிதழைப் பிறகு அனுப்புகிறோம்” என்ற வாக்கை நம்பிப் பல மாதங்கள் நினைவூட்டிக்கொண்டே இருந்தேன். அதற்குள் அங்கே பொறுப்பில் இருந்தவர் மாறிவிட்டார், கடைசியில் ஓவியரைத் தேடிப் போய்த்தான் அதைப் பெற முடிந்தது. ஓவியரும் வெளிநாடு போயிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

முதலாவது பில். “ஓவியம் – 1” என்று எழுதிய பில் எதற்கும் உதவாது. ஓவியர் பெயர், தலைப்பு, வரைந்த ஆண்டு, ஊடகம், சென்டிமீட்டரிலோ அங்குலத்திலோ உயரமும் அகலமும், அச்சோவியமானால் பதிப்பு எண், விலை, வரி, தேதி, விற்பவரின் பெயரும் முகவரியும், வாங்குபவரின் பெயர் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். ஓவியரிடம் நேரடியாக வாங்கும்போது அவரிடம் அச்சிட்ட பில் புத்தகம் இருக்காது. வெள்ளைத் தாளில் இதே விவரங்களை நீங்களே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்குவதில் அவருக்கும் சிரமமில்லை.

இரண்டாவது உண்மைச் சான்றிதழ். படைப்பின் சிறிய புகைப்படத்துடன், “இது என்னால் உருவாக்கப்பட்டது” என்று ஓவியர் கையெழுத்திட்டிருப்பதே சிறந்தது. ஓவியர் உயிரோடிருக்கையில், காட்சிக்கூடத்தின் முத்திரை மட்டும் இருக்கும் சான்றிதழை ஏற்க வேண்டிய அவசியமில்லை. சான்றிதழில் உள்ள தலைப்பும் அளவும் பில்லில் உள்ளவையும் ஓவியத்தின் பின்புறம் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, படைப்பு கைமாறிய வரலாறு. நீங்கள் முதல் உரிமையாளர் என்றால் பில்லே போதும். வேறொருவரிடமிருந்த ஓவியத்தை வாங்கினால், அவர் யாரிடம் எப்போது வாங்கினார் என்பதற்கான பழைய பில்லின் நகல், அந்த ஓவியம் இடம்பெற்ற கண்காட்சியின் கையேடு, பின்புறம் ஒட்டியுள்ள லேபிள் ஆகியவற்றைக் கேளுங்கள். மறைந்த ஓவியர்களின் பெயரில் வரும் “அரிய வாய்ப்பு” எதையும் முதல் சில ஆண்டுகளுக்குத் தொடவே வேண்டாம். 2011இல் கொல்கத்தா அரசு கலைக் கல்லூரியில் ரவீந்திரநாத் தாகூர் வரைந்தவை என்று காட்சிக்கு வைக்கப்பட்ட ஓவியங்கள் போலி என்று இந்தியத் தொல்லியல் துறையின் ஆய்வில் தெரியவந்தது. மதிப்புமிக்க இடத்தில் தொங்கியது என்பது ஆதாரமாகிவிடாது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ மட்டும் செலுத்துங்கள். ஒரு பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் தடை செய்கிறது. அந்தத் தொகையைத் தாண்டிய கொள்முதலுக்குப் பான் எண்ணும் தர வேண்டும். “பில் வேண்டாமென்றால் விலையைக் குறைத்துத் தருகிறேன்” என்ற பேச்சு வந்தால் அந்தப் பேரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். அப்படி மிச்சமாகும் தொகையைவிட, நாளை ஆதாரம் இல்லாமல் நிற்கும்போது ஏற்படும் இழப்பு பெரிது.

5. பழைய சிலையும் பழைய ஓவியமும்: இங்கே கால் வைக்க வேண்டாம்

நம் ஊரில் சேகரிப்பு என்றதும், “காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய சிலை இருக்கிறது” என்று யாராவது சொல்லிக்கொண்டு வருவார்கள். பழம்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972இன்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பமும் ஓவியமும் பழம்பொருள் ஆகும். இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடிகளுக்கு அந்த வரம்பு 75 ஆண்டு. பழம்பொருளை வணிகமாக விற்பவருக்கு உரிமம் இருக்க வேண்டும். பதிவு செய்ய வேண்டிய வகையைச் சேர்ந்த பொருளானால், தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் புகைப்படங்களுடன் பதிந்து சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். கைமாறும்போதும் தெரிவிக்க வேண்டும். இவை இல்லாமல் வரும் சிலை கோயிலிலிருந்து திருடப்பட்டதாகவும் இருக்கலாம்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் பல கோடி ரூபாய்க்குச் சமமான விலையில் வாங்கியது. கைமாறிய வரலாறு என்று காட்டப்பட்ட ஆவணங்கள் பொய்யானவை என்று தெரிந்ததும் 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. வல்லுநர்கள் நிறைந்த ஒரு நாட்டின் கலைக்கூடமே அப்படி ஏமாற முடிந்தது என்றால், தனி மனிதராகிய நாம் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே சரி.

சிற்பம் வேண்டுமென்றால் சுவாமிமலை ஸ்தபதிகளிடமோ மாமல்லபுரத்துச் சிற்பிகளிடமோ தமிழ்நாடு அரசின் கைவினைப் பொருள் கடையான பூம்புகார் விற்பனை நிலையத்திலோ புதிதாகச் செய்ததை வாங்குங்கள். செய்த ஆண்டும் செய்தவர் பெயரும் பில்லில் இருக்கட்டும். வெளிநாட்டில் வாழும் தமிழர்களுக்கு இது மேலும் முக்கியம்: புதிய செப்புச் சிலையானாலும் தோற்றத்தில் பழையதுபோல் இருந்தால் விமான நிலையச் சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள். இது பழம்பொருள் அன்று என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெற வேண்டும். விடுமுறை முடியும் வாரத்தில் இதற்கு அலைந்து பயனில்லை, வாங்கியவுடன் விண்ணப்பித்துவிடுங்கள்.

தஞ்சாவூர் ஓவியத்தில் கவனிக்க வேண்டியது தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு). அசல் தங்கம் மங்காது. போலி ரேக்கு சில ஆண்டுகளில் கறுக்கும். எத்தனை காரட் தங்கம் என்பதைப் பில்லில் எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

6. ஃபிரேமும் மழைக்காலமும்

சென்னையில் ஓவியத்துக்கு முதல் எதிரி ஈரம், இரண்டாவது வெயில். நல்ல பெயரெடுத்த ஒரு ஃபிரேம் கடையில் என் எட்சிங் ஒன்றை ஹார்டுபோர்டில் பசை தடவி ஒட்டிவிட்டார்கள். அடுத்தடுத்த மழைக்காலங்களில் பசை பட்ட இடமெல்லாம் பழுப்புக் கறையாக முன்பக்கம் தெரியத் தொடங்கியது. ஒட்டியதைப் பிரிக்கவும் முடியாது. ஆகவே ஃபிரேம் கடையில் வேலையைக் கொடுக்கும்போது கீழ்க்கண்டவற்றைத் தாளில் எழுதியே கொடுங்கள்.

காகிதத்தை எதிலும் ஒட்டக் கூடாது. மேல் விளிம்பில் மட்டும், கோதுமை மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியக் காகிதமும் கொண்டு கீல்போல் தொங்கவிட வேண்டும். மவுண்ட் போர்டும் (ஓவியத்தைச் சுற்றி ஃபிரேமுக்குள் வைக்கும் அட்டை) பின்பலகையும் அமிலமற்றவையாக இருக்க வேண்டும். ஃபிரேமின் கண்ணாடி, ஓவியத்தின் மேல் படக் கூடாது. மவுண்ட் போர்டின் தடிமனே அந்த இடைவெளியைத் தரும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிக்கோ அக்ரிலிக் தகட்டுக்கோ கூடுதல் செலவாகும், ஆனால் நீர்வண்ணத்துக்கு அது அவசியம். ஃபிரேமுக்குப் பொருந்தவில்லை என்று ஓவியத்தின் ஓரத்தை வெட்டவே கூடாது. பென்சில் எண்ணும் கையெழுத்தும் இருக்கும் ஓரத்தை மடித்து மறைப்பதும் கூடாது.

ஐப்பசி முதல் மார்கழி வரை ஃபிரேம் வேலையைத் தள்ளிவையுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மூடிய ஃபிரேமுக்குள் அந்த ஈரமும் அடைபடும், பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது. மாசி, பங்குனியில் கொடுத்தால் கடைகளிலும் நெரிசல் குறைவு.

மாட்டும் சுவர் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவராகவோ குளியலறையை ஒட்டிய சுவராகவோ இருக்க வேண்டாம். ஃபிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்புறம் சிறு தக்கை வைத்தால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் இடையே காற்று ஓடும். சன்னலிலிருந்து நேரடி வெயில் விழும் சுவரில் எதையும் மாட்டாதீர்கள். காகிதப் படைப்புகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி மாட்டி, மற்றவற்றை அமிலமற்ற உறையில் தட்டையாக வையுங்கள். சுருட்டி வைப்பதும் நெகிழி உறையில் அடைப்பதும் கெடுதல். ராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசையும் காகிதமும் மிகவும் பிடிக்கும் என்பதால், மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு படத்தையும் கழற்றிப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பூச்சிமருந்தை ஓவியத்தின் மேல் தெளிக்கக் கூடாது. வெள்ளைப் பொட்டாகப் பூஞ்சை தெரிந்தால் துடைக்காமல், தனியே எடுத்துவைத்து, காகிதப் பாதுகாப்பு தெரிந்த வல்லுநரிடம் காட்டுங்கள், துடைத்தால் பரவும்.

7. பதிவேடும் காப்பீடும்

முதல் ஓவியம் வந்த நாளிலேயே பதிவேட்டைத் தொடங்குங்கள். கணினியில் ஓர் அட்டவணை போதும்: வரிசை எண், ஓவியர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, யாரிடம் வாங்கியது, தேதி, விலை, வரி, ஃபிரேம் செலவு, இப்போது இருக்கும் இடம். முன்புறம், பின்புறம், கையெழுத்து ஆகிய மூன்றையும் படமெடுத்து அதே எண்ணில் சேமியுங்கள். பில்லையும் சான்றிதழையும் ஸ்கேன் செய்து, தாள்களை ஓவியங்கள் இருக்கும் அறையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்து போய்விடக் கூடாது. 2015 டிசம்பரைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக் காப்பீடு இருந்தாலும் ஓவியங்கள் அதில் தானாக அடங்குவதில்லை. பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில், ஓவியம் போன்ற மதிப்புமிக்க பொருட்களை ஒப்புக்கொண்ட மதிப்பின் அடிப்படையில் சேர்க்கக் கூடுதல் பிரிவு உண்டு. மொத்தம் 5 லட்சம் ரூபாய்க்குள்ளும் ஒரு பொருள் 1 லட்சம் ரூபாய்க்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்பதில்லை என்பது தொடக்கச் சேகரிப்பாளருக்குப் பெரிய வசதி. இந்தப் பிரிவைக் கேட்டு வாங்க வேண்டும். முகவர்கள் பெரும்பாலும் தாமாகச் சொல்வதில்லை.

8. வாங்கியதால் கிடைக்கும் உரிமையும், விற்கும்போது வரும் வரியும்

ஓவியத்தை வாங்கினால் அந்தப் பொருள் உங்களுடையது. அதன் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றித் தராத வரை, ஓவியரிடமே இருக்கும், அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். வீட்டில் மாட்டலாம், விற்கலாம், அன்பளிப்பாகக் கொடுக்கலாம். அதையே திருமண அழைப்பிதழிலோ நாட்காட்டியிலோ அச்சிட வேண்டுமானால் ஓவியரின் அனுமதி தேவை. மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டும்போது அதில் ஒரு பங்கைக் கேட்கும் உரிமையையும் பதிப்புரிமைச் சட்டம் ஓவியருக்குத் தருகிறது. அந்தப் பங்கு 10 சதவீதத்துக்கு மேற்படாது.

வீட்டிலுள்ள மேசை நாற்காலியை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை, ஓவியத்தை விற்றால் உண்டு. வருமான வரிச் சட்டத்தில் தனிப்பட்ட உடைமைகளுக்கு உள்ள விலக்கு ஓவியம், சிற்பம் உள்ளிட்ட கலைப் படைப்புகளுக்குக் கிடையாது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும், அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரம்புக்குரிய விகிதமும் பொருந்தும். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள ஓவியங்கள் அன்பளிப்பாக வந்தால் அதுவும் வரிக்குரிய வருமானமாகும். ஆதாயத்தைக் கணக்கிடும்போது வாங்கிய விலைக்கு ஆதாரமாக அதிகாரி கேட்பது நான்காம் பகுதியில் சொன்ன அந்தப் பில்லைத்தான். வங்கிக் கணக்கு விவரத்தையும் அதனுடன் இணைத்து வைத்திருங்கள்.